பதினான்காவது கேள்வி

அவள் வசித்த ஆறு மாடிக் குடியிருப்பில் எல்லோரும் அவளைக் கேள்விக்காரி என்றே சொன்னார்கள். அதில் குறும்பு இருந்தது, குத்தல் இல்லை. பதினொரு வருடமாக அவள் பார்த்துவந்த வேலை அப்படி. கையில் கிளிப் போட்ட அட்டை, அதில் படிவங்கள், கழுத்தில் அடையாள அட்டை. வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டுவாள். எந்தச் சோப்பில் துணி துவைக்கிறீர்கள், குழாயில் தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது, கடைசியாகப் பல் மருத்துவரிடம் எப்போது போனீர்கள் என்று கேட்பாள். பதிலுக்கு எதிரே இருக்கும் எண்ணை வட்டமிட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவாள்.

"கல்யாணத்துக்கு முன்னாடி என்னை ஒரு கேள்வி கேட்கல. அதுக்கும் சேர்த்து இப்ப ஊரையே கேட்டுட்டு இருக்கா" என்பான் அவள் கணவன். அவன் லிப்ட் மெக்கானிக்.

வேலையில் விதிகள் கொஞ்சம்தான், ஆனால் கறார். கேள்வியை எழுதியிருக்கிறபடியே படிக்க வேண்டும். முகத்தில் எதையும் காட்டக்கூடாது. சரியான பதில் எது என்று யாராவது திருப்பிக் கேட்டால், சொல்ல எங்களுக்கு அனுமதி இல்லை என்று சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட வேண்டும். சோப்பு விஷயத்தில் இந்த விதி அவளுக்கு ஒரு நாளும் கஷ்டமாக இருந்ததில்லை.

அந்த வருடம் மாநகராட்சியும் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒரு கணக்கெடுப்பை அவளுடைய அலுவலகத்திடம் ஒப்படைத்தன. அணு ஆயுதங்களைப் பற்றிப் பொதுமக்களுக்கு என்ன தெரியும் என்பதுதான் விஷயம். மொத்தம் இருபத்திரண்டு கேள்விகள். அவள் பங்குக்கு முந்நூறு வீடுகள். பயிற்சி அரை நாள் நடந்தது. எப்படிக் கேட்பது என்று சொல்லிக்கொடுத்தார்கள். எதைப் பற்றிக் கேட்கிறோம் என்பதை யாரும் சொல்லித்தரவில்லை.

பயிற்சி எடுத்தவன் அவளுடைய மேற்பார்வையாளன். முப்பது வயது இருக்கும். வாயைத் திறந்தால் சதவீதம்தான். "இன்னிக்கு டீயில சர்க்கரை இருபது சதவீதம் கம்மி" என்று அவன் ஒரு தடவை சொல்லப்போக, அலுவலகத்தில் அவன் பெயர் சதவீதம் என்றே ஆகிவிட்டது. கெட்டவன் இல்லை. படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் மட்டும் அவனுக்குச் சோறு இறங்காது.

முதல் வாரம் அவளுக்கு வேடிக்கையாகவே இருந்தது. முடிதிருத்தும் கடைக்காரர், ஒரு வாடிக்கையாளரின் கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டே, "அணுகுண்டா? அதெல்லாம் அந்தக் காலத்துலயே கடல்ல போட்டு மூடிட்டாங்களேம்மா" என்றார். உலகத்தில் இப்போது எத்தனை குண்டுகள் இருக்கும் என்ற கேள்விக்கு அவர் சொன்னது: "சும்மா ஞாபகத்துக்கு நாலஞ்சு வச்சிருப்பாங்க." அவள் 'நூற்றுக்கும் குறைவு' என்பதை வட்டமிட்டாள்.

ஒரு கல்லூரிப் பையன், வந்தால் நடுவானிலேயே சுட்டுவிடுவார்கள், பயப்பட ஒன்றுமில்லை என்றான். யார் சுடுவார்கள் என்று அவளே கேட்டிருப்பாள், விதி தடுத்தது. ஒரு வங்கி அதிகாரி, ஜன்னலில் ஈரத்துணி கட்டினால் போதும் என்று உறுதியாகச் சொன்னார். ஒரு வீட்டில் மனைவி பதில் சொல்லச் சொல்லக் கணவர் பின்னால் நின்று தலையை ஆட்டி மறுத்துக்கொண்டிருந்தார். கடைசியில் அவரிடம் கேட்டபோது, "எனக்கும் தெரியாது. ஆனா அவ சொல்றது தப்பு" என்றார்.

பதினான்காவது கேள்வியில்தான் வண்டி நின்றது.

கேள்வி இதுதான்: 'அணுகுண்டுத் தாக்குதல் வரப்போகிறது என்று எச்சரிக்கைச் சங்கு ஊதினால், நீங்கள் முதலில் என்ன செய்வீர்கள்?' நான்கு பதில்கள் அச்சிட்டிருந்தன. ஒன்று, இருக்கும் கட்டடத்துக்குள்ளேயே இருப்பேன். இரண்டு, அடித்தளத்துக்குப் போவேன். மூன்று, நகரத்தைவிட்டு வெளியேறுவேன். நான்கு, தெரியாது. அதற்குக் கீழே 'மற்றவை' என்று விரல் நகம் அளவுக்கு ஒரு கட்டம்.

வங்கி அதிகாரி ஈரத்துணியை மறந்துவிட்டு, "பையன் டியூஷன்ல இருப்பான். போய்க் கூட்டிட்டு வருவேன்" என்றார். கல்லூரிப் பையன் கொஞ்சம் யோசித்து, "அம்மா மார்க்கெட்ல கடை வச்சிருக்காங்க. அங்க போவேன்" என்றான். முடிதிருத்துபவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். "பொண்ணு மாசமா இருக்கா. அவ வீடு எட்டு ஸ்டாப் தள்ளி" என்றார், ஏதோ அவள்தான் அந்த எட்டு ஸ்டாப்பையும் கடக்கும் வழியைச் சொல்லப்போகிறவள் போல.

அவர்களில் யாருக்கும் 'தெரியாது' என்று வட்டமிட அவளுக்குக் கை வரவில்லை. அவர்களுக்குத் தெரிந்திருந்தது. படிவத்துக்குத்தான் தெரியவில்லை. அவள் எல்லோருக்கும் 'மற்றவை' போட்டாள். கட்டத்தில் இடம் போதாததால் படிவத்தைத் திருப்பிப் பின்பக்கத்தில் அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே எழுதினாள்.

இரண்டாவது வாரம் அவள் தையல்காரம்மா வீட்டுக்குப் போனாள். இரண்டு அறைதான். முன்னறையை ஒரு தையல் மெஷினும் வெட்டுமேசையும் அடைத்துக்கொண்டிருந்தன. உள்ளறையில் அவர் கணவர் படுத்திருந்தார். இரண்டு சிறுநீரகமும் செயலிழந்தவர். செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் மருத்துவமனைக்குப் போய் நாலு மணி நேரம் மெஷினோடு படுத்திருந்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். தையல்காரம்மா வாயில் ஊசியோடு பதின்மூன்று கேள்விக்கும் பதில் சொன்னார். பதினான்காவதைப் படித்ததும் ஊசியை எடுத்துத் துணியில் குத்தி வைத்தார்.

"அன்னிக்கு என்ன கிழமை?"

"கிழமையா?"

"சங்கு ஊதற அன்னிக்கு. செவ்வாக்கிழமைன்னா இவரு ஆஸ்பத்திரியில இருப்பாரு, நான் அங்க ஓடணும். புதன்கிழமைன்னா வீட்ல இருப்பாரு. அப்ப நான் இவரைத் தூக்கி அடித்தளத்துக்குக் கொண்டுபோக முடியாது. எழுபது கிலோ. அப்ப ரெண்டு பேரும் இங்கயே இருப்போம். ஆனா வியாழக்கிழமை மெஷின் ஓடுமா? கரன்ட் இருக்குமா? அதையும் அதுல கேட்டிருக்காங்களா?"

"இல்லைங்க."

"பதில் என்ன போடணும்?"

"நீங்க சொல்றதை எழுதிக்கறேன்."

"சரியான பதில் எதுன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"சொல்ல எங்களுக்கு அனுமதி இல்லைங்க" என்றாள் கேள்விக்காரி. சொன்னதுமே அது பொய் என்று அவளுக்கு உறைத்தது. அனுமதி இருந்தாலும் சொல்வதற்கு அவளிடம் ஒன்றுமில்லை.

அன்று மாலை வீட்டில் கணவன் கையில் ஒட்டியிருந்த கிரீஸைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தான். பன்னிரண்டு வயது மகள் கூடத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். கேள்விக்காரி சமையலறை வாசலில் நின்று, வேலையில் படிப்பதுபோலவே பதினான்காவது கேள்வியை அவனிடம் படித்துக்காட்டினாள்.

அவன் சோப்பு நுரையோடு யோசித்தான். "சங்கு ஊதினா எல்லாரும் ஒரே நேரத்துல லிப்டுக்குள்ள பாய்வாங்க. கரன்ட் போயிடும். போன மாசம் அரை மணி நேரம் கரன்ட் போனதுக்கே பதினாலு எடத்துல ஆளுங்க மாட்டிக்கிட்டாங்க. நான் அவங்களை எடுக்கப் போகணும்."

"பாப்பா?"

"பாப்பா ஸ்கூல்ல பத்திரமா இருக்கும். லிப்டுக்குள்ள மாட்டினவனுக்கு யாரு இருக்கா?"

"அப்ப நான் லிப்டுக்குள்ள போய் நின்னுக்கறேன். அப்பவாவது வருவீங்க."

"இங்க பாரு, நீ கேட்ட. நான் சொன்னேன். பதில் பிடிக்கலன்னா கேள்வியே கேட்கக்கூடாது."

அவள் தட்டுகளைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தாள். கூடத்திலிருந்து மகள் தலையைத் தூக்காமலே கேட்டாள். "அம்மா, நீ வருவியா?"

"வருவேன்."

"அப்ப நான் ஸ்கூல் கேட்டுக்கு வெளிய வந்து நிக்கறேன். நீ உள்ள வந்து ஒவ்வொரு கிளாஸா தேடிட்டு இருக்காதே. போன தடவை மாதிரி தப்பான பிளாக்குக்குப் போயிடுவ."

"சரிடா கண்ணு" என்றாள் அவள். அந்தப் பதில் அவள் மனதை ஆற்றியது. கணவனோடு போட்ட சண்டையில் தன் பக்கம் ஆள் சேர்ந்துவிட்டதுபோல ஒரு திருப்தி.

முந்நூறு படிவங்களும் முடிந்து அலுவலகத்தில் கொடுத்த மூன்றாம் நாள் சதவீதம் அவளைக் கூப்பிட்டான். மேசையில் அவளுடைய கட்டு பிரித்துக் கிடந்தது.

"அக்கா, பதினாலாவது கேள்வியில உங்களுக்கு மட்டும் எழுபத்தொரு சதவீதம் 'மற்றவை' வந்திருக்கு. மத்தவங்களுக்கெல்லாம் நாலு, அஞ்சு சதவீதம்."

"மத்தவங்க 'தெரியாது'ல போட்டிருப்பாங்க."

"அதையேதான் நீங்களும் போட்டிருக்கணும்."

"அவங்க தெரியாதுன்னு சொல்லலையே, தம்பி. பின்னாடி எழுதியிருக்கேன் பாருங்க."

"பார்த்தேன். பின்பக்கத்தை கம்ப்யூட்டர் படிக்காது." அவன் குரலைத் தாழ்த்தினான். "தலைமையிடத்துல என்ன சொல்றாங்கன்னா, நீங்க வீட்டுக்கே போகாம உட்கார்ந்து எழுதிட்டீங்களோன்னு சந்தேகப்படறாங்க. நான் நம்பலை. இதை ஒண்ணு, ரெண்டு, மூணுல பிரிச்சுப் போட்டுக் கொடுத்துடுங்க. விஷயம் முடிஞ்சுடும்."

பதினொரு வருடத்தில் அவள் ஒரு வட்டம்கூடப் பொய்யாகப் போட்டதில்லை. மழையில் நாலு மாடி ஏறிப்போய்க் கதவு திறக்காமல் திரும்பி, மறுநாள் மறுபடி ஏறியிருக்கிறாள்.

"பிரிக்க மாட்டேன். வேணும்னா நீங்க என்கூட வந்து கேளுங்க. எந்த வீடுன்னு நீங்களே எடுங்க."

அவன் கண்ணை மூடிக்கொண்டு கட்டிலிருந்து பத்துப் படிவங்களை உருவினான். இரண்டு நாள் இருவரும் நடந்தார்கள். போன வீடுகளிலெல்லாம் அவள் எழுதியதையேதான் சொன்னார்கள். முடிதிருத்துபவர் மட்டும் திருத்தினார். எட்டு ஸ்டாப் இல்லையாம், குறுக்குவழியில் போனால் ஆறுதானாம். அவர் இதற்குள் ஒரு தடவை நடந்து பார்த்திருந்தார்.

ஒன்பதாவது வீடு தையல்காரம்மாவுடையது. சதவீதம் விதிப்படி கேள்வியைப் படித்தான். தையல்காரம்மா விதிப்படி கிழமையைக் கேட்டார். பிறகு, "உங்களுக்கு யாரு இருக்காங்க, தம்பி?" என்றார்.

"நான் பதில் சொல்லக்கூடாதுங்க."

"இந்த விதி உங்களுக்கெல்லாம் நல்ல வசதிப்பா" என்று சொல்லிவிட்டு அவர் மெஷினை ஓட்ட ஆரம்பித்தார்.

இருவரும் படி இறங்கினார்கள். கீழே வந்து நின்று, "எங்கப்பாவுக்குக் காது கேட்காது, அக்கா. சங்கு ஊதினாலும் அவருக்குத் தெரியாது. பேப்பர் படிச்சிட்டு உட்கார்ந்திருப்பாரு" என்றான். பத்தாவது வீட்டுக்கு அவர்கள் போகவில்லை. அந்தப் பத்து படிவங்களின் பின்பக்கத்தையும் அவனே படமெடுத்துப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிவைத்தான்.

நாலு நாளில் பேராசிரியையிடமிருந்து அழைப்பு வந்தது. கேள்விகளைத் தயாரித்தவர் அவர்தான். இயற்பியல் துறையில் மூன்றாவது மாடியில் ஒரு சின்ன அறை. நாற்காலிமேல் இருந்த புத்தகங்களை எடுத்துத் தரையில் வைத்துவிட்டுக் கேள்விக்காரியை உட்காரச் சொன்னார். திட்டு விழும் என்று நினைத்து வந்தவளிடம் அவர் முதலில் கேட்டது மற்ற இருநூற்றுத் தொண்ணூறு படிவங்களையும் பார்க்க முடியுமா என்றுதான்.

"நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்மா" என்றார். "கேள்வி எழுதறப்போ, ஒரு ஆள் தனியா ஒரு ரூம்ல உட்கார்ந்திருக்கிற மாதிரியே நினைச்சு எழுதிட்டேன். அப்படி யாரு இருக்கா?"

கேள்விக்காரிக்குத் தைரியம் வந்தது. "மேடம், சரியான பதில் எது? முந்நூறு வீட்ல கேட்டாங்க. நானும் சிரிச்சே சமாளிச்சுட்டேன்."

பேராசிரியை மேசைமேல் நகர வரைபடத்தை விரித்தார். மையத்தில் பெரிய தபால் நிலையத்தின் மேல் பென்சிலால் புள்ளி வைத்துச் சுற்றிலும் வட்டங்கள் போட்டார். "ஒரே ஒரு குண்டு. ரொம்பப் பெரிசும் இல்லை. இப்ப உலகத்துல பன்னிரண்டாயிரத்துக்குப் பக்கமா இருக்கு, அதுல பலது இதைவிடப் பெரிசு. இந்த மூணு கிலோமீட்டருக்குள்ள பெரும்பாலான வீடு விழுந்துடும். இந்த நாலரை வரைக்கும் வெளியில நிக்கிறவங்களுக்குத் தோல் வெந்துடும். தீ எங்கெங்க பிடிக்கும்னு சொல்ல முடியாது. ஆஸ்பத்திரிங்க பாதி இதுக்குள்ளதான் இருக்கு. இதுக்கெல்லாம் வெளிய இருக்கறவங்களுக்கு அடுத்த ஆபத்து, தூசி. கதிர்வீச்சுள்ள தூசி, காற்று போற பக்கமா வந்து இறங்கும். அங்க இருக்கறவங்க கட்டடத்துக்குள்ள நடுப்பகுதியில கதவைச் சாத்திட்டு ஒரு நாள் முழுக்க வெளிய வராம இருந்தா, நிறைய பேர் பிழைச்சுக்கலாம். முதல் சில மணி நேரம்தான் ரொம்ப மோசம். அப்ப வெளிய வந்தா போச்சு."

"அப்ப சரியான பதில் ஒண்ணாவது. உள்ளயே இருக்கறது."

"வெளி வட்டத்துல இருக்கறவங்களுக்கு ஆமா. உள் வட்டத்துல இருக்கறவங்களுக்கு அந்தக் கேள்வியே இல்லை."

கேள்விக்காரி வரைபடத்தில் தன் குடியிருப்பைத் தேடினாள். இரண்டாவது கிலோமீட்டரில் இருந்தது. அவள் ஏறி இறங்கிய முந்நூறு வீடுகளும் அதைச் சுற்றித்தான். பிறகு மகளின் பள்ளிக்கூடத்தைத் தேடினாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம், எல்லா வட்டத்தையும் தாண்டி, ஆறரை கிலோமீட்டரில் இருந்தது. முதலில் நிம்மதியாக மூச்சு வந்தது. அடுத்த மூச்சு வருவதற்குள் மகள் சொன்னது ஞாபகம் வந்தது. நான் கேட்டுக்கு வெளிய வந்து நிக்கறேன்.

அவள் நிற்பாள். சொன்னால் சொன்னபடி செய்கிற குழந்தை. டீச்சர் உள்ளே கூப்பிட்டாலும், அம்மா வருவாள், தப்பான பிளாக்குக்குப் போய்விடுவாள் என்று வாசலிலேயே நிற்பாள். மேலே தூசி இறங்கும். வருகிறேன் என்று சொன்னவள் இரண்டாவது கிலோமீட்டரிலிருந்து ஒருநாளும் வந்துசேர மாட்டாள்.

"தண்ணி வேணுமா?" என்றார் பேராசிரியை.

வேண்டாம் என்று தலையசைத்தாள். பிறகு மகள் சொன்னதை அவரிடம் சொன்னாள். பேராசிரியை குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டுவிட்டு ஒரு தாளை எடுத்து எதையோ எழுதப்போய், எழுதாமல் பேனாவை மூடினார். "எனக்கு ரெண்டு பசங்க" என்றார். "நானும் இதைத்தான் சொல்லி வச்சிருக்கேன். அம்மா வந்துடுவேன்னு."

மகளிடம் சொல்லக் கேள்விக்காரிக்கு மூன்று நாள் ஆனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது, மகள் கிளிப்புகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு ஒண்ணு சொன்னேன்ல. சங்கு ஊதினா வருவேன்னு."

"ம்."

"வரமாட்டேன். நீ வெளிய வந்து நிக்கக்கூடாது. டீச்சர் எங்க உட்காரச் சொல்றாங்களோ அங்க உட்காரணும். அவங்க போலாம்னு சொல்ற வரைக்கும் கதவைத் திறக்கக்கூடாது."

மகள் கையில் இருந்த கிளிப்பைத் திறந்து திறந்து மூடினாள். "ஏன் வரமாட்ட?"

"வெளியில இருக்கற தூசி மேல படக்கூடாது. நான் வருவேன்னு நீ காத்திருந்தா உனக்கு ஆபத்து."

"சரி, நான் உள்ளயே இருக்கேன். நீ மெதுவா வா."

"வரமாட்டேன்டா."

"அப்பா லிப்டுக்குப் போவாரு. நீயும் வரமாட்ட." குழந்தை அழவில்லை. கிளிப்புக் கூடையைக் கீழே வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனாள். மிச்சத் துணியைக் கேள்விக்காரி தனியாகக் காயப்போட்டாள். இந்த உலகத்தில் எந்த அம்மாவும் பிள்ளையிடம் சொல்ல நேரக்கூடாத ஒரு வார்த்தையை யாரோ தன் வாயால் சொல்லவைத்துவிட்டார்கள் என்று பட்டது. யார் என்றுதான் தெரியவில்லை. கோபப்படக்கூட ஒரு முகம் இல்லை.

மகள் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் தலை வாரிவிடும்போது, "ஸ்கூல்ல எங்கம்மா உட்கார்றது? அடித்தளத்துல உடைஞ்ச பெஞ்சா கிடக்கு" என்றாள்.

அது நல்ல கேள்வி. கேள்விக்காரி அன்றைக்கே தலைமையாசிரியையைப் போய்ப் பார்த்தாள். அவர் கண்டிப்பானவர், ஆனால் சொல்வதைக் கேட்கிறவர். அடித்தளத்தைத் திறந்து காட்டினார். உடைந்த பெஞ்சுகள், பழைய விளக்குகள், யாரும் படிக்காத விடைத்தாள்கள். "அறுநூத்து நாப்பது பிள்ளைங்க" என்றார். "இதைப் பத்தி நான் யோசிச்சதே இல்லைன்னு உங்ககிட்ட ஒத்துக்கறேன்." பேராசிரியையை வரவழைத்துப் பெற்றோர் கூட்டம் போடலாம் என்று அவரே சொன்னார்.

அந்த மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை பிற்பகல் கூட்டம் நடந்தது. நூற்றைம்பது பேர் வந்திருந்தார்கள். கணவனும் லிப்ட் வேலையை முடித்துவிட்டுச் சீருடையோடு வந்து பின்வரிசையில் உட்கார்ந்தான். பேராசிரியை வரைபடத்தைச் சுவரில் மாட்டி, அன்று சொன்னதையே சொன்னார். தலைமையாசிரியை எல்லோருக்கும் ஒரு தாள் கொடுத்தார். எச்சரிக்கை வந்தால் பிள்ளைகளைப் பள்ளிக்கூடமே உள்ளே வைத்துக்கொள்ளும், பெற்றோராகிய நான் அழைத்துப்போக வரமாட்டேன், என்று இரண்டு வரி. கீழே கையெழுத்துக்கு இடம்.

சலசலப்பு எழுந்தது. சரக்குலாரி ஓட்டுகிற ஒரு அப்பா எழுந்தார். "இது என்னங்க பத்திரம்? பெத்த பிள்ளைக்காக வரமாட்டேன்னு எழுதித் தரணுமா? தத்துக் கொடுக்கறதுக்குக்கூட இதைவிட நல்லா எழுதுவாங்க."

கேள்விக்காரி எழுந்தாள். பதினொரு வருடமாக அவள் கேள்வி மட்டுமே கேட்டவள்.

"நானும் வருவேன்னுதாங்க சொல்லியிருந்தேன். எம்பொண்ணு, அப்ப நான் கேட்டுக்கு வெளிய வந்து நிக்கறேன்னு சொல்லிச்சு. நீங்க வருவீங்கன்னு உங்க பிள்ளைக்குத் தெரிஞ்சா, அதுவும் அங்கதான் நிக்கும். நாம சொல்ற வார்த்தையை நம்பி நிக்கும். நம்மளால வரமுடியலைன்னாலும் நின்னுட்டே இருக்கும்."

லாரிக்காரர் உட்காரவில்லை. கையிலிருந்த தாளை நாலாக மடித்து, மறுபடி பிரித்தார். "சரி. பிள்ளைங்க இந்தப் பக்கம், வட்டத்துக்கு வெளிய. உள்ள இருக்கறவங்க? என் சம்சாரம் தபால் ஆபீஸ்லதான் வேலை பார்க்குது. அவங்க எந்தத் தாள்ல கையெழுத்துப் போடணும்?"

பேராசிரியை வரைபடத்தைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார். "அங்க எந்தத் தாளும் உதவாதுங்க. உள்ள இருங்க, கதவைச் சாத்துங்கன்னு நான் சொல்றதெல்லாம் ஓரத்துல இருக்கறவங்களுக்குத்தான். நடுவுல இருக்கறவங்களைக் காப்பாத்த ஒரே வழி, அது விழாம இருக்கறதுதான். ரெண்டையும் சேர்த்துத்தான் சொல்லணும். முதலாவதை மட்டும் சொன்னா, அது ஏதோ மழை மாதிரி, குடை இருந்தாப் போதும்னு ஆயிடும்."

"அது விழாம இருக்க எங்க கையெழுத்துப் போடணும்?"

பேராசிரியைக்கும் அதற்குப் பதில் தெரியவில்லை, தெரியவில்லை என்றே சொன்னார்.

அன்று நூற்றுப் பத்து பேர் பள்ளிக்கூடத் தாளில் கையெழுத்திட்டார்கள். நாற்பது பேர் வீட்டில் கேட்டுச் சொல்வதாக எடுத்துப் போனார்கள். கேள்விக்காரி கையெழுத்திட்டு, கணவனிடம் பேனாவைக் கொடுத்தாள். அவன் இரண்டு வரியையும் இரண்டு தடவை படித்தான்.

"அன்னிக்கு நான் சொன்னதும் இதேதானே" என்றான் மெதுவாக.

"இல்ல. நீங்க பாப்பாவை நினைக்காம சொன்னீங்க."

"நினைக்க ஆரம்பிச்சா வேலைக்குப் போகமுடியாது, அதனாலதான் அப்படிச் சொன்னேன்" என்றான் அவன். கையெழுத்திட்டான். அவள் தாளை வாங்கித் தலைமையாசிரியையிடம் கொடுத்தாள்.

லாரிக்காரர் வாசலில் காத்திருந்தார். தன் கேள்விக்கு ஆள் கிடைக்காமல் வீட்டுக்குப் போகிற உத்தேசம் அவருக்கு இல்லை. அவரும் கேள்விக்காரியும் இன்னும் ஏழெட்டுப் பெற்றோரும் வகுப்பறையில் உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினார்கள். தங்கள் தொகுதிப் பிரதிநிதிக்கு. இந்த ஆயுதங்களைக் குறைக்க நம் அரசு என்ன செய்கிறது, நீங்கள் அதற்காகச் சபையில் என்ன பேசினீர்கள், இனி என்ன பேசப்போகிறீர்கள் என்று மூன்று கேள்விகள். கேள்வியை எப்படி எழுதினால் பதில் தராமல் நழுவ முடியாது என்று கேள்விக்காரிக்குத் தெரியும். 'கருத்து என்ன' என்று லாரிக்காரர் எழுதியதை அடித்துவிட்டு 'என்ன செய்தீர்கள், எந்தத் தேதியில்' என்று மாற்றினாள்.

கணக்கெடுப்பு அறிக்கையும் அந்தச் சமயத்தில் வெளிவந்தது. பொதுமக்களில் பெரும்பாலோர் குண்டுகளின் எண்ணிக்கையைக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள், விளைவை ஒரு தெரு அளவுக்கே கற்பனை செய்கிறார்கள் என்று எழுதியிருந்தது. பதினான்காவது கேள்விக்கு மட்டும் தனி அத்தியாயம். அதில் சதவீதமே இல்லை. படிவங்களின் பின்பக்கத்தில் இருந்ததை அப்படியே அச்சிட்டிருந்தார்கள், கிழமையைக் கேட்டது உட்பட. சதவீதம் அதை அலுவலகத்தில் எல்லோருக்கும் படித்துக்காட்டினான். தன் பெயர் கெட்டுவிட்டதாகக் குறைபட்டுக்கொண்டாலும், அவன் முகம் அப்படிச் சொல்லவில்லை.

கடிதத்துக்கு இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. தங்கள் கடிதம் கிடைத்தது, உரிய துறையின் கவனத்துக்கு அனுப்பப்பட்டுள்ளது, என்று ஒரே வரி. லாரிக்காரருக்குக் கோபம். கேள்விக்காரிக்கு இது பழக்கம். கதவு முதல் தடவையிலேயே திறந்துவிட்டால் அவளுடைய வேலைக்கு ஆளே தேவைப்பட்டிருக்காது. உரிய துறை எது, அங்கே யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டு அவர்கள் இரண்டாவது கடிதம் எழுதினார்கள். இந்த முறை அவள் அதை எடுத்துக்கொண்டு தன்னுடைய முந்நூறு வீடுகளுக்கும் போனாள். யாராவது சரியான பதில் எது என்று கேட்டால் வாசலிலேயே உட்கார்ந்து, வட்டங்களை வரைந்து, தெரிந்ததைத் தெரியும் என்றும் தெரியாததைத் தெரியாது என்றும் சொன்னாள். சில வீடுகளில் கதவைச் சாத்தினார்கள். நூற்றெண்பத்தாறு வீடுகளில் கடிதத்தில் கையெழுத்திட்டார்கள்.